பனையோலைப் பெட்டி: இதுவரை பிடிபட்டது

மூடி போட்ட சின்னப் பெட்டி ஒன்று ஒருவழியாக நிமிர்ந்து நிற்கிறது. பன்னவேலை, அதாவது ஓலை இழைக்கிற வேலை, பழக வகுப்புக்கு எங்கேயும் போகவில்லை. யூடியூப், கொப்பியில் நானே கீறின படங்கள், அப்புறம் திருகோணமலைப் பக்கம் சாம்பல்தீவில் இருக்கிற ஆச்சி, இவ்வளவும்தான் வாத்தியார்.

தொடங்கும்போது நான் பார்த்துப் பழகுகிற ஆள் என்று ஒரு நினைப்பு. பார்த்து, கேட்டு, வாசித்து, செய்து என்று பழகுகிற ஆட்களை நாலாகப் பிரிக்கிற முறையை 1992இல் நீல் ஃபிளெமிங்கும் கொலீன் மில்ஸும் எழுதினார்கள். ஆனால் 2008இல் ஹரோல்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, ஆளின் வகை பார்த்துச் சொல்லிக்கொடுத்தால் கூடப் பலன் வரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஓலையோடு மல்லுக்கட்டின பிறகு எனக்கும் அப்படித்தான் படுகிறது. கண்ணா, காதா, கையா என்று கேட்கிறது ஓலைதான், அதுவும் இடத்துக்கு இடம் மாற்றிக் கேட்கும்.

பெட்டியின் அடி இழைக்க வீடியோ போதும். மூலை திருப்பத்தான் போதாது. அடி சதுரமாக வந்த பிறகு, பெட்டியின் மூலை அந்தச் சதுரத்தின் மூலையில் வராது, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும்தான் வரும். நடுவில் இருக்கிற இரண்டு ஓலைகளைக் குறுக்காகப் போட்டு இழுக்க, தட்டையாகக் கிடந்தது எழும்பும். வீடியோவில் சரியாக அந்த நேரம் பார்த்துக் கை மறைக்கும், எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் விரலுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. ஆச்சிக்கு எதிரே இருந்து பார்த்தாலும் இடம் வலம் மாறிக் குழப்பும். அவவுக்குப் பக்கத்தில் தோளோடு தோள் முட்ட இருந்தபோதுதான் பிடிபட்டது. அவ விளக்கம் எதுவும் சொல்லவில்லை. என் விரலைப் பிடித்து மடித்துவிட்டு, "இறுக்காதை பிள்ளை, வெடிச்சுப்போம்" என்றா, அவ்வளவுதான்.

சாயம் போட்ட ஓலையை இடையில் விட்டு இழைக்கும்போது கண் உதவாது, எல்லாம் ஒன்றாகத் தெரியும். 'இரண்டு மேலே, ஒன்று கீழே' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனால் கை தானாக ஓடும். (வீட்டில் எல்லாருக்கும் இப்போது அது பாடம்.) எழுத்து எனக்கு உதவுவது ஒரே இடத்தில், பாதியில் விட்டு எழும்பும்போது அடுத்து எந்த ஓலை என்று குறித்து வைக்க.

ஈரப்பதம் முழுக்கக் கையின் பாடு. கச்சான் என்கிற காய்ந்த சூட்டுக் காற்று அடிக்கிற நாளில் மத்தியானம் இழைத்தால், கொஞ்ச நேரத்திலேயே ஓலை முறுகிவிடும். நகத்தின் மேல் மடித்துப் பார்ப்பேன், நொறுநொறு என்று சத்தம் வந்தால் ஈரத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். அதற்காக ஊறவும் விடக்கூடாது, காய்ந்ததும் ஓலை சுருங்கி இழைப்பில் நீக்கல் விழும். இதை எந்த வீடியோவிலும் நான் காணவில்லை, எடுத்தவர்கள் வீட்டில் கச்சான் அடித்திருக்காது போல. காலையில் வெயில் ஏறும் முன் இருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை.

அடுத்தது நீத்துப்பெட்டி. கூம்பு என்பதால் அடி இழைத்த பழக்கம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று பார்க்க வேண்டும். பிட்டு அவிக்கிற சாமான், சாயம் ஒரு துளியும் கூடாது என்று ஆச்சி இப்போதே சொல்லி வைத்துவிட்டா.