டேசியப் போர் லெஜியன் வீரன்: 28 மி.மீ. உருவத்தில் கவசத்தைச் சரிசெய்வது

ரோமானிய வீரர் சிற்றுருவப் பெட்டியைத் திறந்ததும் ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) உருவங்களை வெட்டத் தொடங்க வேண்டாம். முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள், அடுத்து எந்த எல்லை என்பதை. இந்த இரண்டும் முடிவாகிவிட்டால் கவசம், தலைக்கவசம், கேடயம், வாள் என்று எல்லாமே பாதி தீர்மானமான மாதிரிதான். முடிவாகாவிட்டால் முந்நூறு வருடச் சாமான்கள் ஒரே வரிசையில் வந்து நிற்கும்.

அதிகம் கண்ணில் படும் தவறு, சீசரின் படைக்குப் பட்டைக் கவசம் மாட்டிவிடுவது. தகடு தகடாக உடலைச் சுற்றி வரும் அந்தக் கவசத்தைத்தான் லோரிகா செக்மென்டாட்டா என்கிறோம். நமக்குத் தெரிந்து அதன் மிகப் பழைய துண்டு ஜெர்மனியின் டாங்ஸ்டெட்டன் முகாமில் கிடைத்தது. அந்த முகாம் கி.மு. 15-ஐ ஒட்டித் தொடங்கியது. சீசர் கி.மு. 44-லேயே இறந்துவிட்டார். அவருடைய வீரர்களுக்கு வளையக் கவசமும், மான்டிஃபோர்டினோ அல்லது கூலஸ் வகைத் தலைக்கவசமும், நீள்வட்டக் கேடயமும்தான் சரி. பெட்டி மேல் என்ன படம் போட்டிருந்தாலும் சரி.

பட்டைக் கவசத்திலும் மூன்று தலைமுறைகள் உண்டு. கி.பி. 9-இல் ரோமானியத் தளபதி வாரஸின் மூன்று லெஜியன்கள் (ரோமின் முதன்மைக் காலாட்படைப் பிரிவுகள்) அழிந்த போரோடு இணைக்கப்படும் கால்க்ரீஸ வகை முதலாவது. 2018-இல் ஜெர்மனியின் கால்க்ரீஸவில் ஏறக்குறைய முழுக் கவசமே மண்ணிலிருந்து வந்தது. இரண்டாவது கார்பிரிட்ஜ் வகை. இங்கிலாந்தில் ஹேட்ரியன் சுவரை ஒட்டிய கார்பிரிட்ஜில் 1964-இல் இரும்புப் பட்டை கட்டிய மரப்பெட்டி ஒன்று கிடைத்தது. அதிலிருந்த துண்டுகளை வைத்துத்தான் இன்று நாம் அடையாளம் காணும் வடிவமே உருவானது. மூன்றாவது நியூஸ்டெட் வகை, இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து புழக்கத்தில் இருந்தது. இதில் உடைந்துகொண்டே இருந்த பித்தளைக் கீல்களுக்குப் பதிலாகத் தறையாணியும், இடுப்புத் தகடுகளுக்குப் பெரிய கொக்கிகளும் வந்தன. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் உருவங்களில் பெரும்பாலானவை கார்பிரிட்ஜ் வகைதான். அதனால் முதல் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஹேட்ரியன் காலம் வரைக்கும் அவை நன்றாகவே பொருந்தும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது பேரரசர் டிராஜன் டேசியாவில் (இன்றைய ருமேனியப் பகுதி) நடத்திய போர்கள், கி.பி. 101 முதல் 106 வரை. கவசம் பற்றிய வாதங்கள் அத்தனையும் வந்து மோதும் இடம் இது. காரணம், ஒரே போருக்கு இரண்டு சாட்சிகள் இருக்கின்றன, இரண்டும் வேறுவேறு கதை சொல்கின்றன.

ரோமில் கி.பி. 113-இல் நிறுவிய டிராஜன் தூணில் லெஜியன் வீரர்கள் எல்லோரும் பட்டைக் கவசம் அணிந்திருக்கிறார்கள், துணைப்படையினர் எல்லோரும் வளையக் கவசம். ருமேனியாவின் ஆதம்கிளிசியில் 109-இல் எழுப்பிய வெற்றிச் சின்னத்தில் பட்டைக் கவசமே கிடையாது. அங்கே லெஜியன் வீரர்கள் வளையக் கவசத்திலும் செதில் கவசத்திலும் நிற்கிறார்கள். வலது கை முழுவதும் தகடு தகடாக மானிக்கா என்ற கைக்கவசம், காலில் கணைக்கால் கவசம். அங்கிருந்த 54 சிற்பப் பலகைகளில் 48 இன்றும் அந்த ஊர் அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன. செதுக்கிய கை நேர்த்தியான கை அல்ல. ஆனால் தூணைச் செதுக்கியவர்கள் ரோமில் இருந்த தேர்ந்த சிற்பிகள். யார் லெஜியன், யார் துணைப்படை என்று கீழே நின்று பார்ப்பவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே சீருடை மாதிரி பிரித்துவிட்டார்கள். முகம் மறையக் கூடாதென்று கேடயத்தையும் சிறிதாக்கிவிட்டார்கள். போர்முனையில் வீரன் எப்படி இருந்தான் என்பதற்கு நான் ஆதம்கிளிசியைத்தான் நம்புவேன். தூணைத் தள்ளிவிடவும் முடியாது. பட்டைக் கவசத் துண்டுகள் அந்தக் காலத்து முகாம்களில் நிஜமாகவே கிடைக்கின்றன.

ஆகவே ஒரே பிரிவில் மூன்று கவசமும் கலந்து வரட்டும். 20 பேர் கொண்ட பிரிவு என்றால் நான் 8 பட்டை, 7 வளையம், 5 செதில் என்று பிரிப்பேன். இந்த விகிதத்துக்குக் கல்வெட்டு ஆதாரம் எதுவும் இல்லை, பார்வைக்கு நம்பும்படி இருக்கும் ஒரு கலவை, அவ்வளவுதான். வளையக் கவச உடல்களைத் துணைப்படைப் பெட்டியிலிருந்து எடுத்து லெஜியன் தலையும் கேடயமும் பொருத்தலாம். ஒரே தயாரிப்பாளரின் பெட்டிகளாக இருந்தால் கழுத்துக் குழியும் தோளும் பொருந்திவிடும். வேறுவேறு பெட்டிகளை இணைக்கும்போது தலை பெரிதாகத் தெரிந்தால் கழுத்தை அறுக்க வேண்டாம். கன்னத் தகட்டின் அடிப்பகுதியை லேசாக அரம் போட்டுத் தலையை அரை மி.மீ. கீழே இறக்கினால் போதும்.

பசை போடும் முன் அளவுகோலை எடுங்கள். 28 மி.மீ. என்பது பாதத்திலிருந்து கண் வரை உள்ள உயரம். சராசரி மனிதனோடு ஒப்பிட்டால் சுமார் 1/57 வரும். சிரியாவின் டூரா யூரோப்பாஸில் கிடைத்த கேடயம்தான் முழுசாகப் பிழைத்திருக்கும் ஒரே ஸ்கூட்டம், அதாவது லெஜியன் வீரரின் வளைந்த பெரிய கேடயம். உயரம் 105.5 செ.மீ., குறுக்கே 41 செ.மீ. அது மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்றாலும் அளவுக்கு நல்ல வழிகாட்டி. நம் உருவத்தில் அது 18.5 மி.மீ. உயரம், 7 மி.மீ. அகலம் வரும். 54 மி.மீ. உருவம் என்றால் 1/32 கணக்கில் 33-க்கு 13. உங்கள் பெட்டிக் கேடயம் 22 மி.மீ. இருந்தால் அது கதவு. மேலும் கீழும் சமமாக அரம் போட்டுவிட்டு விளிம்பைத் திரும்பச் செதுக்கலாம். ஆனால் நடுக்குமிழ் மையத்திலிருந்து நகர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எறியீட்டி ஏறக்குறைய 2 மீட்டர், அதாவது 35 மி.மீ. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் ஈட்டியின் இரும்புத் தண்டு எப்போதும் தடிமன்தான். அதை வெட்டிவிட்டு 0.3 மி.மீ. பித்தளைக் கம்பி 10 மி.மீ. நீளத்துக்கு வையுங்கள். கம்பி நுனியைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் ஈட்டிமுனை தயார்.

வளையக் கவசத்தில் மட்டும் அளவைப் பிடித்துத் தொங்க வேண்டாம். அசல் வளையம் சுமார் 7 மி.மீ. விட்டம், 28-இல் அது 0.12 மி.மீ. யாராலும் செதுக்க முடியாது. சிற்பி பெரிதாக்கியே ஆக வேண்டும்.

இனி மானிக்கா. டேசியரின் வளைந்த அரிவாள்-வாளான ஃபால்க்ஸுக்காகவே இது கண்டுபிடிக்கப்பட்டது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது சரியல்ல, ஜெர்மனியின் மைன்ஸில் உள்ள முதல் நூற்றாண்டுக் கல்லறைச் சிற்பத்திலேயே இது இருக்கிறது. 2001-இல் இங்கிலாந்தின் கார்லைலிலும் கிடைத்தது. டேசியாவில் இதன் பயன்பாடு பரவலாகியிருக்கும் என்பது நியாயமான ஊகம்.

செய்முறைக்கு க்ரீன் ஸ்டஃப் மாதிரியான இரண்டு பாக எப்பாக்ஸி புட்டி போதும். மஞ்சளும் நீலமும் சம அளவு. இரண்டும் ஒட்டியிருந்த நடுக்கோட்டை மட்டும் முன்பே வெட்டி எறிந்துவிடுங்கள், அங்கே ஏற்கெனவே இறுகிய துகள் இருக்கும், அது தகட்டில் பருப்போல நிற்கும். பிசைந்த உடனே பூசினால் விரலோடு வந்துவிடும். அரை மணி நேரம் விட்டு, வலது கையின் வெளிப்பக்கத்தில் 0.3 மி.மீ. தோல் போலப் பரப்புங்கள். சட்டைக் கை தடிமனாக இருந்தால் முதலில் அதைச் சுரண்டி மெலிதாக்க வேண்டும். இல்லையென்றால் கை, மாவுக்கட்டு போட்ட கையாகிவிடும். பிறகு ஈரமான கத்தியின் முதுகால் குறுக்கே கோடு அழுத்துங்கள். அசல் தகடு ஏறக்குறைய 2.5 செ.மீ. அகலம். கணக்குப்படி 20 கோடு வர வேண்டும், ஆனால் 10 அல்லது 12-க்கு மேல் போனால் வண்ணம் பூசியதும் எல்லாம் அடைந்துபோகும். முழங்கையிலிருந்து தொடங்கி மேலும் கீழுமாகப் போங்கள். தோளிலிருந்து தொடங்கினால் முழங்கை மடிப்புக்கு வரும்போது இடைவெளி ஒத்துவராது. கையின் உட்பக்கம் புட்டி வேண்டாம், தகடு முழுசாகச் சுற்றி வருவதில்லை. ஒரு இரவு இறுகட்டும்.

தலைக்கவசத்தின் மேல் குறுக்குப் பட்டை இந்தப் போரின் முத்திரை. ருமேனியாவின் பெர்சோவியாவில் கிடைத்த தலைக்கவசத்தில் இந்தப் பட்டைகள் பிறகுதான் தறையப்பட்டிருக்கின்றன, அதாவது இருந்ததையே பலப்படுத்தியிருக்கிறார்கள். முதலில் உச்சியில் உள்ள கொண்டை பொருத்தும் குமிழை அரம் போட்டுச் சமமாக்குங்கள். ஸ்ப்ரூ துண்டை மெழுகுவத்திச் சூட்டில் இழுத்து மெல்லிய இழையாக்கி, நகத்தால் தட்டையாக்கினால் அரை மி.மீ. பட்டை கிடைக்கும். முன்னிருந்து பின்னாக ஒரே துண்டு, பக்கவாட்டில் இரண்டு அரைத் துண்டுகள். பக்கவாட்டிலும் ஒரே துண்டைப் போட்டால் உச்சியில் மேடு தட்டும், நுனிகளும் துள்ளி எழும். பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் மாதிரி ஓடும் பாலி சிமெண்ட் பசை நல்லது. சூப்பர் க்ளூ அதிகமானால் வெள்ளைப் படலம் விட்டுப் புருவப் புடைப்பை மூடிவிடும். எல்லாத் தலைக்கும் இதைச் செய்ய வேண்டாம், மூன்றில் ஒன்று போதும்.

கொண்டை பற்றிக் கேட்பவர்களுக்கு: சாதாரண வீரனுக்கு வேண்டாம். சாம்பர் ஆற்றங்கரையோடு பலரும் சேர்த்துச் சொல்லும் கி.மு. 57 போரில், சின்னங்களைப் (கொண்டை போன்றவை) பொருத்தவும், தலைக்கவசம் மாட்டவும், கேடய உறையைக் கழற்றவும் நேரமில்லை என்று சீசரே எழுதியிருக்கிறார். ஆக, போருக்கு அணியும் வழக்கம் அப்போது இருந்தது. ஆனால் டிராஜன் தூணில் அணிவகுத்துப் போகும் வீரர் தலையில் கொண்டை இல்லை. நூற்றுவர் தலைவனான செஞ்சூரியனுக்கு மட்டும் காதுக்குக் காது குறுக்குக் கொண்டை வையுங்கள். ஆஸ்திரியாவின் கார்னுன்டத்தில் கிடைத்த செஞ்சூரியன் டைட்டஸ் காலிடியஸ் செவெரஸின் கல்லறையில் அந்தக் கொண்டையும் கணைக்கால் கவசமும் தெளிவாக இருக்கின்றன. அவருக்கு வாள் இடது பக்கம், மற்ற வீரர்களுக்கு வலது பக்கம். இது மாறியிருந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

மணிக்கட்டில் தோல் பட்டை இருந்தால் இரக்கமில்லாமல் சுரண்டி எடுங்கள். அது சினிமாக்காரர்களின் பரிசு. தோல் நிறப் பட்டைக் கவசமும் அப்படித்தான். தூணில் வளையக் கவசம் வளையமில்லாமல் வழவழப்பாகச் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்துப் பழைய ஓவியர்கள் தோல் சட்டை என்று வரைந்துவிட்டார்கள், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

வண்ணத்தில் இரும்பும் பித்தளையும் எங்கே பிரிகின்றன என்பதுதான் முக்கியம். பட்டைக் கவசத் தகடுகள் இரும்பு. வயேஹோ மாடல் கலரில் கன்மெட்டல் க்ரே (70.863) அடிவண்ணம், தகடுகளின் இடுக்கில் மட்டும் கருப்புக்கும் பழுப்புக்கும் இடைப்பட்ட வாஷ் (நீர்த்த வண்ணம்), காய்ந்ததும் கீழ் விளிம்புகளில் நேச்சுரல் ஸ்டீல் (70.864). வாஷை முழுக் கவசத்துக்கும் கொட்டினால் ஒரு வருடம் மழையில் கிடந்த இரும்பாகத் தெரியும், எந்த செஞ்சூரியனும் அதை விட்டுவைக்க மாட்டான். வளையக் கவசத்துக்கு நேர்மாறு: முதலில் கருப்பு, மேலே ஆயிலி ஸ்டீல் (70.865) ட்ரைப்ரஷ், அதாவது வண்ணத்தைத் துடைத்தெடுத்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது.

பித்தளை (70.801) தோள் கீல், பக்கிள், முன்பக்கக் கட்டு வளையம், கேடய விளிம்பு ஆகியவற்றில் மட்டும் புள்ளி புள்ளியாக வர வேண்டும். ஒவ்வொரு இடுப்புத் தகட்டின் ஓரத்திலும் பித்தளைக் கோடு இழுக்கும் வழக்கம் இருக்கிறதே, கார்பிரிட்ஜ் கவசத்தில் அப்படி எதுவும் இல்லை. கால்க்ரீஸ வகையின் மார்புத் தகட்டுக்குத்தான் பித்தளைக் கரை உண்டு, கி.பி. 9-க்கு அது சரி, 101-க்கு அல்ல. இடைவார்த் தகடுகள் பல பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது போல வெள்ளீயம் பூசியவை. ஆகவே பத்துப் பேரில் நான்கைந்து பேருக்கு இடைவாரை வெள்ளி நிறத்தில் விடுங்கள், வரிசை உடனே உயிர் பெறும்.

கடைசியில் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே. அது உலோகப் பளபளப்பைக் கொன்றுவிடும். முழு உருவத்துக்கும் மேட் அடித்துக் காய்ந்த பிறகு, கவசத்துக்கும் தலைக்கவசத்துக்கும் மட்டும் தூரிகையால் சாட்டின் வார்னிஷ் ஒரு பூச்சு. சென்னை மழைக்காலத்தில் ஸ்ப்ரேயே வேண்டாம், ஈரக்காற்றில் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த மாதங்களில் மேட் வார்னிஷையும் தூரிகையாலேயே பூசுங்கள், இரண்டு மெல்லிய பூச்சு, நடுவில் சில மணி நேர இடைவெளி.