துறவி நண்டின் இனம் கண்டுபிடிப்பது: நிறத்தைக் கடைசியில் பார்த்து ஒரு முயற்சி

காலிச் சங்கில் குடியிருந்து அதைச் சுமந்து திரியும் துறவி நண்டின் படத்தைக் காட்டி இது என்ன இனம் என்று கேட்டால், முதலில் வரும் பதில் நிறத்தை வைத்துத்தான் இருக்கும். ஊதாக் கொடுக்கா, அப்படியானால் கரீபியன். சிவப்பா, ஸ்ட்ராபெர்ரி. நீலமா, புளூபெர்ரி. வளர்ப்பவர்களிடையே புழங்கும் இந்தச் செல்லப்பெயர்கள் பெரும்பாலும் நிறத்தால் வந்தவை. நான் தொட்டியில் வளர்க்கும் நண்டுகளுக்கும், கடலோரங்களில் எடுத்து வைத்திருக்கும் படங்களுக்கும் பெயர் போடத் தொடங்கியபோது, குறிப்பேட்டில் நிறத்துக்குக் கடைசிக் கட்டத்தைத்தான் ஒதுக்கினேன். மேலோட்டை உரிப்பதற்கு முன்பு மங்கிக் கிடக்கும் நண்டு, உரித்து வந்த பிறகு வேறு நண்டு போலவே தெரிகிறது. தீனியில் கரோட்டினாய்டு என்ற நிறமிச் சத்து குறைந்தால் சிவப்பு வெளுக்கிறது. ரூகோசஸ் என்ற நிலத்துறவி நண்டு இனத்தில் வெள்ளை, சாம்பல், பழுப்பு, பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் எல்லாமே உண்டு. வடிவம் இப்படி ஆளுக்கொரு மாதிரி இருக்காது. அதனால் ஒவ்வொரு உறுப்பாகப் பார்த்து, கேள்விகளைக் குறைத்துக்கொண்டே வருவது என்று முடிவு செய்தேன்.

முதல் கேள்வி: எந்தக் கொடுக்கு பெரியது? இது நண்டின் இடம் வலம், பார்ப்பவருடையது அல்ல. நம்மைப் பார்த்து நிற்கும் நண்டின் இடக் கொடுக்கு நம் வலப்பக்கம் இருக்கும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. சில போன்களில் முன்பக்கக் கேமரா படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிச் சேமித்துவிடும். சங்கின் சுருளைப் பார்த்தால் இதைப் பிடித்துவிடலாம். மிகப் பெரும்பாலான சங்குகள் வலஞ்சுழி. கூரான நுனி மேலே, வாய் நம்மை நோக்கி இருக்கும்படி பிடித்தால் வாய் வலப்பக்கம் வரும். படத்தில் வரிசையாக எல்லாச் சங்கின் வாயும் இடப்பக்கம் இருந்தால், படம்தான் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

கடல்வாழ் துறவி நண்டுகளில் பேகுரிடே குடும்பத்துக்கு வலக் கொடுக்கு பெரியது. டயோஜெனிடே குடும்பத்தில் இடது பெரியதாக இருக்கும், அல்லது இரண்டும் ஒரே அளவில் இருக்கும். கிளிபனேரியஸ் பேரினம் அந்தச் சமக் கொடுக்கு வகை. ஆனால் டயோஜெனிடேயிலேயே பெட்ரோகைரஸ் என்ற பேரினத்துக்கு வலது சற்றுப் பெரியது. ஆக, கொடுக்கை மட்டும் வைத்துக் குடும்பத்தைச் சொல்லிவிட முடியாது. போதாக்குறைக்கு, சண்டையில் இழந்த கொடுக்கு மறுபடி முளைக்கும்போது முதலில் சிறியதாகத்தான் வரும். பழைய அளவை எட்டச் சில உரிப்புகள் ஆகும். பெரிய கொடுக்கு இருக்க வேண்டிய பக்கம் சின்னதாக, புதுசாக, மெல்லியதாக ஒன்று இருந்தால் அந்த நண்டின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுகிறேன்.

குடும்பத்தை உறுதி செய்ய நம்பகமான அடையாளம் வாய்ப்பகுதியில் இருக்கிறது. வாயை மூடியபடி வெளியே தெரியும் ஜோடி உறுப்புகளை மூன்றாம் தாடைக்கால்கள் என்கிறார்கள். டயோஜெனிடேயிலும் நிலத்துறவி நண்டுகளிலும் இவற்றின் அடிப்பகுதிகள் ஒன்றையொன்று ஒட்டி இருக்கும். பேகுரிடேயில் நடுவில் நல்ல இடைவெளி விட்டிருக்கும். இதைப் படம் எடுக்க ஒரு கண்ணாடித் தட்டு போதும். நண்டைத் தட்டில் நடக்கவிட்டு, கீழிருந்து எடுக்க வேண்டும். உள்ளே சுருங்கிக்கொண்டால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இழுத்தால் கால் போகும், வயிறு கிழியும். அப்படியும் சங்கை விடாது.

கடலா, நிலமா என்பது அடுத்த கேள்வி. நிலத்தில் வாழும் துறவி நண்டுகளெல்லாம் சீனோபிட்டா என்ற ஒரே பேரினம். தேங்காய் நண்டு இதற்குப் பங்காளி. அதே குடும்பம், ஆனால் வளர்ந்தபின் சங்கு சுமப்பதில்லை. கரையில் கிடக்கும் சின்ன நண்டு கடல்வாழ் வகையா, நிலத்து வகையா என்று தெரியாமல் எடுத்துவந்து தொட்டியில் விடுபவர்கள் இருக்கிறார்கள். கடல்வாழ் வகை நீருக்கு வெளியே நெடுநேரம் தாங்காது, நிலத்து வகை நீருக்குள் மூழ்கடித்தால் செத்துவிடும். எனவே பெயர் தெரியாவிட்டாலும் இந்த ஒன்று தெரிந்தாக வேண்டும். பார்க்க வேண்டியது உணர்கொம்புகளை. நண்டுக்கு இரண்டு ஜோடி உண்டு. நீளமான வெளி ஜோடி தொட்டு அறிவதற்கு. குட்டையான உள் ஜோடி மோப்பத்துக்கு. சீனோபிட்டாவில் இந்த உள் ஜோடி நீளமான கணுக்களோடு கீழ்நோக்கி வளைந்து, நுனி மழுங்கலாக முடியும். கடல்வாழ் வகைகளில் அதே உறுப்பு கூராக, மெல்லிய இழையாக முடியும். கண்காம்பும் உதவும்: சீனோபிட்டாவில் அது பெரும்பாலும் பக்கவாட்டில் தட்டையானது, மற்றவற்றில் உருண்டை.

இங்கிருந்துதான் சுவாரசியம், சிரமமும்தான். சீனோபிட்டாவுக்குள் பதினைந்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இடக் கொடுக்குதான் பெரியது, எல்லாவற்றுக்கும் மழுங்கல் உணர்கொம்புதான். இதுவரை உதவியவை இங்கே பயன்படாது.

கண்ணில் ஆரம்பித்தேன். கரீபியன் வகையான கிளிபியேட்டஸின் கண் ஏறக்குறைய வட்டப் புள்ளி. ரூகோசஸ், கம்ப்ரெஸ்ஸஸ் என்ற இரண்டு இனங்களுக்கும் கண் நீள்வட்டம். இந்த வித்தியாசம் படத்தில் நன்றாகவே தெரிகிறது, ஆனால் பக்கவாட்டில் எடுத்த படமாக இருக்க வேண்டும். முன்னாலிருந்து எடுத்தால் நீள்வட்டமும் வட்டமாகத்தான் தெரியும். என் பழைய படங்களில் முக்கால்வாசி நேர்முகப் படங்கள். பார்க்க அழகு, அடையாளத்துக்கு உதவாது. இப்போதெல்லாம் ஒரு நண்டுக்கு மேலிருந்து, இடப்பக்கத்திலிருந்து, கீழிருந்து, இடக் கொடுக்கின் வெளிப்புறம் நெருக்கமாக என்று எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் கடைசிப் படம்தான் பல சமயம் தீர்ப்பு சொல்கிறது. ரூகோசஸின் இடக் கொடுக்கில், உள்ளங்கை போன்ற அகலமான பகுதியின் வெளிப்புற மேல்விளிம்பில், சாய்வாக வரிசை வரிசையாகச் சின்ன மேடுகள் இருக்கும். தையல் போட்ட தடம் மாதிரி இருக்கிறது என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. ஸ்ட்ராபெர்ரி என்று அழைக்கப்படும் பெர்லேட்டஸிலும் இந்த மேடுகள் உண்டு. பிரெவிமானஸ் என்ற இனத்தில் கிடையாது, அதன் கொடுக்கு உடலுக்குச் சம்பந்தமில்லாத அளவுக்குப் பெரியது, உப்பலானது, வழவழப்பானது. கிளிபியேட்டஸிலும் இந்த வரிசையைக் காணமுடியாது. ஆக, ஊதா நிறத்தில் பெரிய கொடுக்கோடு ஒரு நண்டு இருந்து, அது கிளிபியேட்டஸா ஊதா ரூகோசஸா என்று சந்தேகம் வந்தால், நிறத்தை மறந்துவிட்டு மேடுகளைத் தேடினால் போதும்.

மேடுகள் படத்தில் விழுவதற்கு ஒளி பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். ஃபிளாஷ் போட்டு எதிரிலிருந்து எடுத்தால் எல்லாம் வழவழப்பாகிவிடும். நான் சின்ன டார்ச் ஒன்றைக் கொடுக்கின் மட்டத்தில் தாழ்வாகப் பிடிக்கிறேன். நிழல் விழுந்ததும் மேடுகள் தெளிவாக எழுந்து நிற்கின்றன. ஈரமான கொடுக்கு பளபளத்துக் கெடுக்கும் என்பதால், நண்டு தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து வந்த உடனே எடுப்பதில்லை.

கொடுக்கு ஆனபின் இடப்பக்கத்து இரண்டாம் நடைக்காலைப் பார்க்க வேண்டும். நண்டு உள்ளே போனால் பெரிய கொடுக்கும் இந்தக் காலும் சேர்ந்துதான் கதவாக அடைக்கின்றன, அதனால் இந்தக் கால் மட்டும் அகன்று தட்டையாகியிருக்கும். அதன் கடைசிக்கு முந்தைய கணுவின் வெளிமுகம் தட்டையா, புடைத்திருக்கிறதா, விளிம்பில் கூரான வரம்பு இருக்கிறதா என்பதை வைத்து ஆய்வாளர்கள் இனங்களைப் பிரிக்கிறார்கள். கொடுக்கின் உட்புறத்தில் தூரிகை போல அடர்ந்த மயிர்க்கற்றை இருக்கிறதா என்பதும் அவர்கள் பட்டியலில் உண்டு. உயிருள்ள நண்டில் இதைப் பார்ப்பது பெரும்பாடு. அது கொடுக்கைத் திறந்து காட்டும் தருணம் பெரும்பாலும் நம் விரலை நோக்கியதாக இருக்கும்.

இதற்குக் கிடைத்த வழி, உரித்துப் போட்ட மேலோடு. நிலத்துறவி நண்டு மணலுக்குள் புதைந்துதான் உரிக்கும். அந்தச் சமயத்தில் தோண்டக்கூடாது, தோண்டினால் மென்மையாக இருக்கும் நண்டு இறந்துபோகலாம். உரித்ததை அதுவே தின்றுவிடும், கால்சியம் அதற்குத் தேவை. அதனால் பறிக்கக்கூடாது. ஆனால் சில சமயம் மேலே வந்தபின் ஒன்றிரண்டு துண்டுகள் மிச்சமாக மணலில் கிடக்கின்றன. கொடுக்கின் கூடு முழுசாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். அவசரமில்லாமல், லென்ஸுக்கு அடியில் வைத்து, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். நாளாக நாளாக நிறம் போய்விடுகிறது. வடிவம், மேடு, மயிர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. என் ரூகோசஸின் மேட்டு வரிசையை இப்படித்தான் முதன்முதலில் முழுமையாக வரைந்தேன். பார்த்து முடித்ததும் தொட்டியில் திரும்பப் போட்டுவிட்டேன், அடுத்த நாள் காணவில்லை.

சரி, நிறம் ஒன்றுக்குமே உதவாதா? உதவும், அதன் இடத்தில். வளர்ந்த பெர்லேட்டஸின் சிவப்பும் அதன்மேல் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும் குருணைகளும் வேறு எதிலும் அப்படிச் சேர்ந்து வருவதில்லை. அதன் குட்டி வெளிறித்தான் இருக்கும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. கேவிபெஸ் என்ற இன்னொரு சீனோபிட்டா இனத்துக்கு உணர்கொம்பு ஆரஞ்சுச் சிவப்பு. உடல் நிறத்தைவிட இது பயனுள்ளது. கடல்வாழ் இனங்களிலோ கதையே வேறு. டார்டனஸ் மெகிஸ்டோஸ் என்றால் செந்நிற உடலில் கரும் வளையத்துக்குள் வெள்ளைப் புள்ளி. சிலியோபேகுரஸ் ஸ்ட்ரிகேட்டஸ் என்றால் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பட்டை போட்ட கால்கள், கூடவே கூம்புச் சங்கின் குறுகிய வாய்க்குள் நுழையத் தோதான தட்டை உடல். இவற்றைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். அதாவது, மொத்த நிறம் ஏமாற்றும். நிறம் எந்த உறுப்பில், எந்த அமைப்பில் இருக்கிறது என்பது அவ்வளவாக ஏமாற்றாது.

படம் எடுத்த இடம் தெரிந்தால் வேலை பாதியாகக் குறையும். ரூகோசஸும் கம்ப்ரெஸ்ஸஸும் பார்வைக்கு அவ்வளவு நெருக்கம், ஆனால் முன்னது கிழக்கு ஆப்பிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரை பரவியது, பின்னது அமெரிக்கக் கண்டங்களின் பசிபிக் கரையில் வாழ்வது. செங்கடல் என்றால் ஸ்கேவோலா, மேற்கு ஆப்பிரிக்கா என்றால் ரூபெசென்ஸ் என்று தொடங்கலாம். வாங்கி வளர்க்கும் நண்டுக்கு இந்தத் துருப்பு கிடையாது. கடை லேபிளில் எழுதியிருப்பதை நான் குறிப்பேட்டில் ஏற்றுவதில்லை. சங்கையும் சேர்ப்பதில்லை. கிளிபியேட்டஸ் வட்ட வாய்ச் சங்கையும் கம்ப்ரெஸ்ஸஸ் அரைவட்ட வாய்ச் சங்கையும் விரும்பும் என்பது உண்மைதான், ஆனால் வேறு கிடைக்காதபோது கிடைத்ததில் குடியேறிவிடும்.

அளவைக் குறிப்பதிலும் ஒரு மாற்றம் செய்தேன். சங்கின் நீளம் நண்டின் அளவாகாது. வயிறு மென்மையாகச் சுருண்டிருப்பதால் முழு நீளத்தையும் அளக்க முடியாது. ஆய்வாளர்கள் தலைப்பகுதியின் முன்பக்கக் கடினத் தகட்டை மட்டும் மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். மில்லிமீட்டர் தாளின் மேல் நண்டை நடக்கவிட்டு மேலிருந்து எடுத்த படத்திலிருந்து இதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். குட்டிகளைத் தனியாகப் பிரித்து வைக்க இந்த எண் தேவைப்பட்டது, ஏனென்றால் குட்டிகளில் மேடுகள் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை.

குறிப்பேட்டின் இப்போதைய நிலை இது: வளர்ந்த நண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இனப்பெயர் விழுந்துவிட்டது. குட்டிகளுக்கு "சீனோபிட்டா" என்று பேரினம் மட்டும் எழுதி நிறுத்தியிருக்கிறேன். கேவிபெஸ் என்று எழுதிய பக்கங்களை மறுபடி திறக்க வேண்டியிருக்கிறது. நெடுங்காலம் கேவிபெஸோடு சேர்த்துக் குழப்பப்பட்டுவந்த ஓர் இனத்தை 2016இல் பிரித்தெடுத்து, சீனோபிட்டா லைலா என்று பெயரிட்டிருக்கிறார்கள். அது விவரிக்கப்பட்டது சிங்கப்பூரிலிருந்து. அதற்கு முன்பு அந்தப் பகுதிகளில் எடுத்து கேவிபெஸ் என்று தலைப்பிட்ட எந்தப் படத்தையும் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வதற்கு முன் ஒருமுறை சரிபார்த்தாக வேண்டும். பென்சிலில் எழுதியது நல்லதாயிற்று.