கிரவலுக்கு முன்னம் மதகு

எங்கள் ஒழுங்கைக்கு இந்த வருஷமும் கிரவல் (சரளை மண்) போடப்போகிறார்களாம். ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கவலைதான். அந்தக் காசில் முதலில் மதகை, அதாவது ஒழுங்கைக்கு அடியால் தண்ணீர் கடந்து போகிற சின்னப் பாலத்தைக் கட்டச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நான் விடாமல் சொல்லி வருகிறேன். அதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியை வீதி அபிவிருத்தி அதிகார சபை பார்க்கிறது. மாகாண வீதிகளுக்கு மாகாணத் திணைக்களம் இருக்கிறது. அவற்றிலிருந்து ஊருக்குள்ளும் வயலுக்கும் இறங்குகிற ஒழுங்கைகள் பிரதேச சபையின் பொறுப்பு. வன்னியில் அப்படிப்பட்ட ஒழுங்கைகளுக்குக் கணக்கே இல்லை. சபைக்கு வருகிற காசோ கொஞ்சம். ஆதனவரி, வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை, முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் இவைதான் சொந்த வருமானம். பெரிய கடைத்தெரு இல்லாத சபைக்கு இதில் என்ன மிஞ்சும்? அதனால்தான் ஒரே இடத்தில் வருஷா வருஷம் காசைக் கொட்டுவது மனதை வருத்துகிறது.

எங்கள் ஒழுங்கை முன்பள்ளிக்கும் வயல்வெளிக்கும் போகிற ஒரே வழி. ஆவணி, புரட்டாசியில் டிப்பரில் கிரவல் வந்து பறிப்பார்கள். பரவி, ரோலர் ஓட்டினால் பார்க்க அழகாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஓரங்கள் கரையும். மார்கழியில் குளம் நிரம்பி வான் பாயத் தொடங்கினால் தண்ணீர் ஒழுங்கையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய்விடும். கிரவல் பக்கத்து வயலுக்குள் கிடக்கும். வயல்கார ஐயா மண்வெட்டியால் அதை வாரி வாரி வரம்பில் போடுவார். "பிள்ளை, இது எனக்குத்தான் போடினம் போல கிடக்கு" என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நெற்பயிர் அந்தக் கல்லுக்கடியில் படுத்துக் கிடந்தது.

தண்ணீர் போவதற்கென்று அந்த இடத்தில் இருப்பது ஒரேயொரு கொங்கிறீற் குழாய். ஒரு முழ அகலம் இருக்கும். பாதிக்கு மேல் மணல் அடைத்துவிட்டது. வாயில் சல்வீனியா என்கிற நீர்க்களையும் பனையோலையும் பிளாஸ்ரிக் போத்தலும் சேர்ந்து இறுகிக் கிடக்கும். இரண்டு பக்கமும் சுவர் இல்லாததால் மண் அரித்து, குழாயின் விளிம்பு வெளியே தெரிகிறது. அதிலும் ஒரு துண்டு உடைந்து கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. மாரியில் தாய்மார் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்து அந்தக் கம்பிக்குப் பக்கத்தால்தான் கடக்கிறார்கள்.

ஏன் மதகு கட்டுவதில்லை என்று விசாரித்தபோது இரண்டு காரணம் விளங்கியது. ஒன்று, அந்தச் சின்னக் குளமும் அதன் வாய்க்காலும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. 200 ஏக்கருக்குள் பாய்ச்சுகிற குளங்கள் அவர்களிடம்தான். ஒழுங்கை சபையினுடையது. தண்ணீர் ஒழுங்கையைக் கடக்கிற அந்தச் சில அடிக்கு யார் காசு போடுவது என்று இரண்டு பக்கமும் கடிதம்தான் போய்வருகிறது.

மற்றது இன்னும் முக்கியம். வீதி வேலைக்கான காசை வட்டாரத்துக்கு வட்டாரம் பங்கு பிரிக்கிறார்கள். ஒவ்வொருவர் பங்குக்கும் வருகிற தொகை கிரவல் போடக் காணும், மதகு கட்டக் காணாது. உறுப்பினர்களை நான் குறை சொல்லமாட்டேன். எல்லா ஊரும் கேட்கிறது, அவர்களும் என்ன செய்வார்கள்? ஆனாலும் இரண்டு மூன்று வட்டாரம் சேர்ந்து, "இந்த வருஷம் உங்கள் மதகு, அடுத்த வருஷம் எங்கள் மதகு" என்று முடிவெடுத்தால் என்ன? பிறகு போடுகிற கிரவலாவது நிலைத்து நிற்கும்.

2023 மார்ச்சில் சபைகள் கலைந்து, 2025 மே 6 தேர்தல் வரைக்கும் இதைக் கேட்க எங்களுக்கு உறுப்பினரே இல்லை. செயலாளர்கள்தான் நடத்தினார்கள். இப்போது கேட்க ஆள் இருக்கிறது. கேட்கவேண்டிய நேரம் வரவு செலவுத் திட்டம் நிறைவேற முன்னம், அதாவது வருஷக் கடைசிக்கு முன்னம். தை பிறந்த பிறகு போனால் "அடுத்த வருஷம் பார்ப்பம்" என்றுதான் பதில் வரும். போன வருஷங்களில் இந்த ஒழுங்கைக்கு எவ்வளவு செலவானது என்பதையும் எடுக்கலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கொடுத்தால், 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். எங்கள் சங்கத்துச் செயலாளர் அக்கா அந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறா.

கமக்காரர் அமைப்போடும் பேசிவிட்டோம். சபைக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் ஒரே கடிதம், இரண்டு சங்கத்தின் முத்திரையோடும் போகிறது. மதகின் அகலத்தை அளக்கத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஆடியில் வராமல், வான் பாய்கிற மார்கழியில் வரவேண்டும் என்று அதில் தனியாக ஒரு பந்தி சேர்த்திருக்கிறோம்.