சாக்கியார் வீட்டிலிருந்து சாணக்கியபுரிக்கு

மண்டி ஹவுஸில் இறங்கி, ரவீந்திர பவனில் உள்ள சங்கீத நாடக அகாதெமி நூலகத்தில் போலந்து நாட்டு சமஸ்கிருத நாடக அறிஞர் மரியா க்ஷிஷ்டோஃப் பிர்ஸ்கி எழுதியதைத் தேடப் போனால் முதல் சிக்கல் பெயரில்தான். போலந்தில் ஆண்களுக்கும் மரியா என்று பெயர் வைப்பதுண்டு. கன்னி மரியாள் பக்தி. பெயரை மட்டும் பார்த்து ‘அம்மையார்’ என்று எழுதிவிடாதீர்கள். அடுத்த பெயரை உச்சரிக்க நம் கிரந்த எழுத்து கைகொடுக்கிறது: க்ஷிஷ்டோஃப். ஆங்கிலத்தில் இது பெரும்பாடு, நமக்கு ஒரே எழுத்து. இந்தியாவில் அச்சான கட்டுரைகளில் அவர் கிறிஸ்டோஃபர் ஆகிவிட்டார். ஆகவே மரியா க்ஷிஷ்டோஃப், கிறிஸ்டோஃபர், எம்.சி. என்று மூன்று விதமாகவும் தேட வேண்டும். ஒன்றை மட்டும் தேடினால் பாதிக்கட்டுரைகள் கண்ணில் படாது.

1937இல் பிறந்தவர். வார்சா பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் படித்தார். 1960களின் முற்பாதியில் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்து பரதரின் நாட்டிய சாஸ்திரத்தில் ஆய்வு செய்தார். 1993 முதல் 1996 வரை தில்லியில் போலந்துத் தூதர். 2022இல் பத்மஸ்ரீ. பத்திரிகைக் குறிப்புகள் இவ்வளவோடு முடிந்துவிடும், அதிலும் ‘தூதர்’தான் கொட்டை எழுத்தில் இருக்கும். எடை போடுகிறவர்கள் தராசை இங்கேதான் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். தூதர் வேலை மூன்று வருடம். சமஸ்கிருத நாடகத்தோடு அவருக்கு இருந்த உறவோ ஒரு வாழ்நாள்.

காசியில் படிக்கும்போதே அவர் கேரளத்துக்குப் போனார். லக்கிடிக்குப் பக்கத்தில் கிள்ளிக்குறிச்சிமங்கலம். பரம்பரை நடிகரான மாணி மாதவ சாக்கியாரின் வீட்டிலேயே தங்கி, குருகுல முறையில் கேரளக் கோயில்களின் சமஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டம் கற்றார். இந்தியர் அல்லாதவர்களில் அதைக் கற்ற முதல் ஆள் அவர்தான். சாக்கியார் என்றதும் நமக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வர வேண்டும்: செங்குட்டுவன் முன் கொட்டிச்சேதம் ஆடிய பறையூர்க் கூத்தச் சாக்கையன். காஞ்சி மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாச நாடகமும் நம் பக்கத்தில் மேடையிழந்து, சாக்கியார்கள் தயவில்தான் ஆட்டமாகப் பிழைத்தது.

அந்தக் காலம் முக்கியம். கூடியாட்டம் கோயிலின் நாடக அரங்கான கூத்தம்பலத்துக்குள் நடப்பது. இந்து அல்லாதவர் அங்கே நுழைய முடியாது. 1955இல் மாணி மாதவ சாக்கியார் தம் ஊரிலேயே கோயிலுக்கு வெளியே ஆடிக் காட்டினார். 1962இல் சமஸ்கிருத அறிஞர் வே. ராகவனின் சம்ஸ்கிருத ரங்கம் என்ற நாடக அமைப்பு அழைக்க, குழு கேரளத்தைத் தாண்டிச் சென்னைக்கு வந்தது. கதவு திறந்த அந்தச் சில வருடங்களுக்குள் பிர்ஸ்கி வந்து சேர்ந்தார். பத்து வருடம் முன்னால் வந்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பார்.

அங்கே கண்ணால் என்ன பார்த்திருப்பார்? ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு குத்துவிளக்கு. மூன்று திரி: இரண்டு நடிகரைப் பார்த்து, ஒன்று பார்வையாளரைப் பார்த்து. பின்னால் செம்புக்குடம் போன்ற மிழாவை நம்பியார் வாசிப்பார்; பக்கத்தில் நங்கையார் குழித்தாளம் போடுவார். ஒரு பாத்திரம் மேடையேறினால் உடனே கதை நகராது. முதல் நாள் புறப்பாடு. பிறகு பல இரவுகள் நிர்வஹணம். அதில் ஒரே நடிகர், தம் பாத்திரம் இங்கு வந்து சேர்ந்த பழைய கதையைக் கையாலும் கண்ணாலும் விரிப்பார். எல்லோரும் கூடி ஆடுவது கடைசியில்தான். பெயரும் அதனால் வந்தது. ஒரே ஒரு அங்கத்துக்கு இத்தனை நாள்! 1967இல் சங்கீத நாடக் இதழில் பிர்ஸ்கி எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி: கூடியாட்டம் அருங்காட்சியகப் பொருளா? கேரள கலாமண்டலக் கலைப்பள்ளியில் அதற்கு வகுப்பு தொடங்கியே அப்போது இரண்டு வருடம்தான். யுனெஸ்கோ அங்கீகாரம் 2001இல்.

அவருடைய காசி ஆய்வேடு 1974இல் முன்ஷிராம் மனோகர்லால் வெளியீடாகத் தில்லியிலேயே நூலானது. அதன் மையம், நாடகத்தை வேள்வியோடு சேர்த்துப் பார்ப்பது. அரங்கத் தெய்வங்களுக்குச் செய்யும் பூஜை வேள்விக்குச் சமம் என்று நாட்டிய சாஸ்திரமே சொல்கிறது. உரையாசிரியர்கள் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு தாண்டிப்போகும் அந்த வரியை இவர் அமைப்பு விதியாகவே படித்தார். ஒருவன் பலனை விரும்பி ஒரு செயலைத் தொடங்குகிறான், இடையூறு வருகிறது, கடைசியில் பலன் கையில் சேருகிறது: வேள்விக்கும் இதுதான் வடிவம், நாடகத்துக்கும் இதுதான். எல்லா நாடகத்துக்கும் இது பொருந்துமா என்றால், இழுத்துப் பொருத்த வேண்டிய இடங்கள் உண்டு என்பதே என் எண்ணம். ஆனாலும் நாடகச் செயலின் கட்டங்களான சந்திகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

தேசிய நாடகப் பள்ளியில் சேரும் நம் பிள்ளைகள் வழுக்கி விழுவதும் அந்தச் சந்தியில்தான். முகம், பிரதிமுகம், கர்ப்பம், விமர்சம், நிர்வஹணம் என்று ஐந்து. (கூடியாட்டத்து நிர்வஹணம் வேறு; இது முடிவுக் கட்டம்.) உடனே ஐந்து அங்கம் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். தப்பு. சாகுந்தலத்தில் ஏழு அங்கம், சந்தி ஐந்துதான். மரபான உரைப்படி முகம் இரண்டாம் அங்கத்தின் நடுவில் முடிகிறது. பிரதிமுகம் மூன்றாவதன் கடைசியில். கர்ப்பம் நாலாவதில் தொடங்கி, ஐந்தாவதின் நடுவே கௌதமி சகுந்தலையின் முக்காட்டை விலக்கும் இடம் வரை ஓடுகிறது. அங்கிருந்து ஆறாவது முடிய விமர்சம். ஏழாவது முழுக்க நிர்வஹணம். அங்கம் என்பது மேடைக்கான வெட்டு. சந்தி என்பது செயலின் கணு. முக்காடு விலகும் நொடியில் அங்கம் முடிவதில்லை, ஆனால் நாயகியை ஏற்பானா மாட்டானா என்ற கேள்வியின் திசையே திரும்புகிறது. கரும்பில் கணு எங்கே வரும் என்று வெட்டுகிறவனா தீர்மானிக்கிறான்?

அவர் சமஸ்கிருதத்திலிருந்து மனுஸ்மிருதியையும் காமசூத்திரத்தையும் போலிஷுக்குக் கொண்டுபோனார். இரண்டும் 1985இல் வந்தன.

இப்படிப்பட்ட ஒருவரை ஏன் தூதராக அனுப்பினார்கள்? 1989க்கு முன் இந்தப் பதவிகள் கம்யூனிஸ்ட் கட்சியின் கையில் இருந்தன. ஆட்சி மாறியதும் வெளியுறவு அமைச்சரான ஸ்குபிஷெவ்ஸ்கியே சர்வதேசச் சட்டப் பேராசிரியர். கட்சிச் சாயம் இல்லாதவர், போகும் நாட்டை அறிந்தவர் என்று தேடினால் பல்கலைக்கழகத்தில்தான் ஆள் கிடைத்தார்கள். வியன்னாவுக்கு 1990இல் வரலாற்றறிஞர் பர்த்தொஷெவ்ஸ்கி போனார். தூதனுக்கு இலக்கணம் சொன்ன வள்ளுவரும் நூலாருள் நூல் வல்லவனாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்.

நடைமுறை எல்லாருக்கும் ஒன்றே. 1961 வியன்னா உடன்படிக்கைப்படி முதலில் பெயரை ஓசையில்லாமல் அனுப்பிச் சம்மதம் கேட்பார்கள். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சம்மதம் வந்த பின்பே அறிவிப்பு. தில்லி வந்ததும் நற்சான்றுக் கடிதத்தின் நகல் வெளியுறவு அமைச்சகத்துக்கு, மூலம் ராஷ்டிரபதி பவனில் குடியரசுத் தலைவர் கையில்.

வந்த நேரம் லேசானதல்ல. போலந்து 1990லும் இந்தியா 1991லும் சந்தையைத் திறந்திருந்தன. சோவியத் அணியின் வணிகக் கூட்டமைப்பு 1991இல் கலைந்துவிட்டது. ரூபாய்க் கணக்கில் நடந்த பழைய கொடுக்கல் வாங்கல் டாலருக்கு மாறிக்கொண்டிருந்தது. இதற்குச் சாஸ்திரம் உதவாது, வணிகப் பிரிவு ஆட்கள் வேண்டும். அறிஞர்த் தூதர்களிடம் பொதுவாக இடறும் இடமும் அதுவே: பண்பாட்டுக் கூட்டங்களில் கதவுகள் சுலபமாகத் திறக்கும், டெண்டர் மேசையில் அப்படியில்லை. ஆனால் போலந்து அந்த வழியை விடவில்லை. பிறகு இந்தியாவுக்கு வந்த க்வொத்கொவ்ஸ்கியும் புராகொவ்ஸ்கியும் கல்விப்புலத்தார்தான். ஆர்.கே.புரம் மலை மந்திருக்குச் சாந்திபத் வழியாகப் போகிறவர்கள் மேலே வெள்ளை, கீழே சிவப்பாக ஒரு கொடியைப் பார்த்தால் அது சாணக்கியபுரியில் உள்ள போலந்துத் தூதரகம்.

பிர்ஸ்கியின் நூலை எடுப்பவர்கள் கையோடு நாட்டிய சாஸ்திரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். சந்தி பற்றிய அத்தியாயம் பரோடா பதிப்பில் 19, மன்மோகன் கோஷின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 21. எண்ணை நம்பிப் புரட்டினால் வேறெங்கோ போய் நிற்பீர்கள். அத்தியாயத் தலைப்பைப் பார்த்துத் திறங்கள்.