பேட் மாற்றியதும் கிளம்பிய கீச்சு

காரின் முன்சக்கர பிரேக் பேடை, அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் வட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டையை, நானே மாற்றினேன். மறுநாள் மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் பிரேக்கை மிதித்ததும் கீச்சென்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற ஆட்டோ அண்ணன், "தம்பி, பேடு புதுசா?" என்றார். மனசு கேட்கவில்லை.

சாயங்காலமே சக்கரத்தைக் கழற்றினேன். பழைய பேடின் முதுகில் இருந்த மெல்லிய ஷிம் தகட்டைப் புதுசில் மாட்டாமல் விட்டிருக்கிறேன்! பேடின் இரும்பு முதுகு, அதைத் தள்ளுகிற கேலிப்பர் பிஸ்டனில் பட்டு அதிர்கிற சத்தம்தான் அது. தகட்டை மாட்டி, முதுகிலும் இரு ஓரங்களில் நீட்டியிருக்கும் காதுகளிலும் சூடு தாங்கும் பிரேக் கிரீஸை நகக்கண் அளவு தடவினேன். டிஸ்க் பக்கம் ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. பட்டால் பிரேக் வழுக்கும். சாதா கிரீஸ் வேண்டவே வேண்டாம், சூட்டில் உருகி ஓடிவிடும்.

விடியற்காலை, மேலூர் ரோட்டில் யானைமலையைத் தாண்டி, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முழுசாக நிறுத்தாமல், 10 தடவை நிதானமாகப் பிரேக் பிடித்து விட்டேன், புது பேட் டிஸ்க்கோடு படியத்தான். திரும்பி வரும்போது சத்தமே இல்லை.