சர்டிஃபிகேட் கிடைக்குமா அண்ணா?

ஜூனியர்கள் யாராவது "அண்ணா, வாலண்டியரிங் ஏதாவது பண்ணணும், எங்க போகலாம்?" என்று வந்து நின்றால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்கு முன்பே தெரியும். சர்டிஃபிகேட் தருவாங்களா? இதைக் கேட்பதில் தப்பே இல்லை. நானும் என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்தது அதற்குத்தான். போதாததற்கு, முகாமுக்குப் போனால் ஏழு நாள் வகுப்பு கிடையாது என்று ஒரு சீனியர் ஆசை காட்டியிருந்தார்.

என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240, நடுவில் ஏழு நாள் சிறப்பு முகாம், இதுதான் கணக்கு. எங்களைச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனார்கள். பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தோம், பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று ஃபிளெக்ஸ் பேனர் பிடித்து ஊர்வலம் போனோம் (அந்த ஃபிளெக்ஸ் எதில் செய்தது என்று யாரும் கேட்கவில்லை), மரக்கன்று நட்டோம். குழி தோண்டும்போது மண் கொஞ்சம் அநியாயத்துக்குப் பொலபொலவென்று வந்தது. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டிதான் விஷயத்தைச் சொன்னார்: "போன வருசம் வந்த புள்ளைங்களும் அங்கதான்யா நட்டுச்சுங்க."

முகாம் வீண் என்று சொல்ல வரவில்லை. ஐம்பது பேருக்குச் சாம்பார் வைக்கவும், பள்ளி வராந்தாவில் கொசுக்கடியோடு தூங்கவும், முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிப் பேசவும் கற்றுக்கொண்டது அங்கேதான். ஆனால் ஊருக்குக் கிடைத்ததை விட எங்களுக்குக் கிடைத்ததே அதிகம். செடிக்குத் தேவைப்பட்டது நடுகிற ஆள் இல்லை, ஏப்ரலிலும் மே மாதத்திலும் தண்ணீர் ஊற்றுகிற ஆள். அதற்குச் சர்டிஃபிகேட் கிடையாது.

சரி, நான் சொல்ல வந்த வேலை வேறு. பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தருவது. ஸ்க்ரைப் என்பார்கள், ஹால் டிக்கெட் தமிழில் 'சொல்வதை எழுதுபவர்'. இரண்டாம் ஆண்டில் ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் "நாளை காலை 10 மணி, பி.ஏ. வரலாறு, தமிழ் மீடியம், ஆள் அவசரம்" என்று ஒரு மெசேஜ் வந்தது. நான் பி.காம்., மறுநாள் எனக்குப் பரீட்சை இல்லை, போனேன். வேறு பாடம் படிக்கிறவராக இருப்பதுதான் இதில் தகுதியே. 2018-இல் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டுதலில், தேர்வர் தானே ஆளைக் கூட்டி வந்தால் அந்த ஆளின் படிப்பு தேர்வரின் படிப்பை விட ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்று இருந்தது. இந்த 'ஒரு படி'யைத் தேர்வு நடத்துகிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அளந்தார்கள். அதனால் போவதற்கு முன் இப்போதைய விதி என்னவென்று கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் ஒன்று, முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களுக்குத்தான் இதில் கிராக்கி. எம்.ஏ. முடித்துவிட்டு ஆர்வம் வந்தால் பல தேர்வுகளுக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்றைக்கு எனக்குக் கிடைத்த அண்ணன் மூன்றாமாண்டு. தனி அறை, ஒரு கண்காணிப்பாளர், நாங்கள் இரண்டு பேர். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, ஆகவே மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரம். வினாத்தாளை வாங்கியதும் முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்குவார் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். அவர் சொன்னார், "மொதல்ல எல்லாத்தையும் ஒருதடவ படிங்க, எத்தன மார்க்னும் சேத்து." படித்தேன். "இப்ப பத்து மார்க் கேள்விய மட்டும் மறுபடி படிங்க." நாம் கண்ணால் ஓட்டிவிட்டு எதை முதலில் எழுதலாம் என்று முடிவு செய்கிறோமே, அந்த வேலையை அவர் முழுக்க நினைவில் வைத்துச் செய்கிறார். அதற்கு என் வாய் ஒழுங்காக இருக்க வேண்டும். 'அல்லது' என்ற சொல்லை நான் முழுங்கிவிட்டால் அவருக்கு ஒரு சாய்ஸ் போச்சு.

பாதியில் ஒரு தப்பு செய்தேன். நிலையான நிலவரித் திட்டம் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர் 1793, காரன்வாலிஸ் என்றார். எனக்கு எங்கிருந்தோ வெல்லெஸ்லி என்று ஞாபகம், பள்ளிக்கூடத்தில் படித்த திமிர் வேறு. "வெல்லெஸ்லி தானே அண்ணா?" என்று கேட்டுவிட்டேன். கண்காணிப்பாளர் நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் ஒரு நொடி நிறுத்திவிட்டு, "தம்பி, நான் சொல்றத எழுதுங்க" என்றார், கோபமே இல்லாமல். வீட்டுக்கு வந்து பார்த்தால் காரன்வாலிஸ்தான். அவர் என்னை நம்பி மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும். அவர் சொன்னது நிஜமாகவே தப்பாக இருந்திருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது, கேள்வி கேட்பதே குறிப்புக் கொடுப்பது மாதிரிதான்.

இன்னொரு சங்கடம் எழுத்துப்பிழை. அவர் சரியாகத்தான் உச்சரிக்கிறார், 'வேலாண்மை' என்று எழுதுவது நான். பேப்பர் திருத்துகிறவருக்கு அது அவருடைய பிழை. ரயத்துவாரி என்ற நிலவரி முறையின் பெயர் வந்தபோது எந்த 'ர' போட்டீர்கள் என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். அன்றிலிருந்து ல, ள, ழ விஷயத்தில் எனக்கு ஒரு பயம் வந்திருக்கிறது, என் சொந்தப் பரீட்சையில்கூட அப்படிப் பயந்ததில்லை. கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். தேவையில்லை, படிக்கும்படி இருந்தால் போதும், வேகம் முக்கியம்.

ஆள் பற்றாக்குறைக்குக் காரணம் மனசு இல்லாதது இல்லை. செமஸ்டர் தேர்வு எல்லோருக்கும் நவம்பரிலும் ஏப்ரலிலும்தான் வருகிறது, எழுதித் தர வேண்டியவனும் அன்றைக்குத் தன் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பான். அதனால்தான் ஒருவர் பத்து தேர்வுக்குப் போவதை விட, பத்து பேர் ஆளுக்கு ஒன்று எழுதுவது எளிது.

தேர்வு இல்லாத மாதங்களில் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து தரலாம். பார்வையற்ற மாணவர்களின் போனிலும் கணினியிலும் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் மென்பொருள் இருக்கிறது, கணினிக்கான என்.வி.டி.ஏ. இலவசம், தமிழும் படிக்கும். ஆனால் துறையில் சுற்றுக்கு விடும் நோட்ஸ் எல்லாம் செராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்த பி.டி.எஃப்., அதாவது வெறும் படம். இல்லையென்றால் எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கிற யூனிகோடு என்ற எழுத்துக் குறியீடு வருவதற்கு முந்தைய ஃபாண்டில் அடித்தது, அதைத் திறந்தால் மென்பொருள் ஏதோ ஆங்கில எழுத்துகளை உளறும். அதை யூனிகோடாக மாற்றிப் பிழை திருத்தித் தருவது ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை. போரடிக்கும், அதை மறைக்க மாட்டேன்.

ரத்ததானம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 18 வயது, 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் போகலாம், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

அப்புறம் ஆமை நடை. சென்னையில் இருப்பவர்கள் இதைத் தவற விடக்கூடாது. 1988-இல் மாணவர்கள் தொடங்கிய அமைப்பு ஒன்று, ஜனவரியிலிருந்து சில மாதங்கள், ராத்திரி நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து பங்குனி ஆமை என்கிற கடலாமையின் முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறது. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், பிங்பாங் பந்து மாதிரி. சுமார் 45 நாளில் குஞ்சுகள் வெளியே வரும். நாய், தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் தப்பித்து அவை தண்ணீரைத் தொடுகிறதைப் பார்த்த அன்று நான் யாரோடும் பேசவில்லை.

என் மானம் போனதும் ஆமையால்தான். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நடந்து முடித்து அறைக்கு வரும்போது மணி நாலரை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு ஸ்க்ரைப் வேலைக்கும் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன், அரை மணி நேரம் கண்ணை மூடலாம் என்று படுத்தேன். எழுந்தபோது பதினொன்றே கால், பதினான்கு மிஸ்டு கால். அலுவலகத்தில் ஃபீஸ் கட்ட வரிசையில் நின்ற ஒரு முதலாண்டுப் பெண்ணைக் கெஞ்சிக் கூட்டிப்போய் எழுத வைத்திருக்கிறார்கள், அதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. எனக்காகக் காத்திருந்தவர் அந்த அரை மணி நேரம் அறை வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். ராத்திரியே "முடியாது" என்று சொல்லியிருந்தால் அவர் வேறு ஆள் பார்த்திருப்பார்.

மன்னிப்புக் கேட்டு நீளமாக ஒரு மெசேஜ் அடித்து, அழித்து, கடைசியில் வாய்ஸ் நோட் அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது. "பரவால்ல பாஸு. புதன்கிழமை பொருளாதாரம் இருக்கு, வருவீங்களா, இல்ல வேற ஆள் பாக்கவா? இப்பவே சொல்லிடுங்க."

வருகிறேன் என்றேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி அறைத்தோழன் போனையும் வாங்கி, இரண்டிலும் அலாரம் வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.