வெள்ளவத்தையில் ஒரு சேதுக்காசு

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இரவு பஸ் கொழும்பு வெள்ளவத்தையில் இறக்கிவிட்டபோது இன்னும் விடியவில்லை. பழங்காசுகள் சேகரிக்கும் நாங்கள் ஐந்து பேர் நண்பர் வீட்டில் கூடுவது பின்னேரம்தான், அதனால் பகலில் கோட்டைக்குப் போய் சதாம் வீதியிலிருக்கும் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலையைப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே கொக்கிப்பணத்தின் முன்னால்தான் கனநேரம் நின்றேன். வெள்ளிக் கம்பியைத் தூண்டில் முள் மாதிரி வளைத்து அதையே பணமாகக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், வட்டமாக இருந்தால்தான் காசு என்ற நினைப்பே அந்த இடத்தில் போய்விடுகிறது.

சரி, பின்னேரத்துக்கு வருகிறேன். சாப்பாட்டு மேசையில் பழைய வேட்டியொன்றை விரித்து, அவரவர் புதிதாகக் கிடைத்ததை எடுத்து வைத்தோம். ஒருவர் 1957 புத்த ஜெயந்தி ஐந்து ரூபாய் வெள்ளிக் குத்தி (நாணயம்) கொண்டுவந்திருந்தார், செட்டியார் தெரு நகைக்கடையில் உருக்கப் போட்டிருந்த கொலுசுகளுக்கு நடுவே கண்டெடுத்தாராம். வீட்டுக்காரரின் பேத்தி மாவட்டங்களுக்கென்று வந்த பத்து ரூபாய்க் குத்திகள் 25இல் 24 வைத்திருக்கிறாள். எல்லாம் பஸ்ஸிலும் கடையிலும் மிச்சக் காசாக வந்தவை. "முல்லைத்தீவு மட்டும்தான் இல்லை அங்கிள், காசு குடுத்து வாங்க மாட்டேன்" என்றாள். அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்தது.

அப்புறம் வீட்டுக்கார ஐயா ஒரு சின்னக் கடதாசி உறையைத் திறந்து சேதுக்காசை என் உள்ளங்கையில் வைத்தார். ஆரியச்சக்கரவர்த்திகள் என்ற யாழ்ப்பாண அரசர்களின் செப்புக்காசு, பெருவிரல் நகத்தளவுதான் இருக்கும். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி. நந்தியின் கீழே பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பூதக்கண்ணாடியைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குச் சரித்தபோது அந்தப் பச்சைக்குள்ளிருந்து 'சேது' என்ற எழுத்து மெல்ல மேலே வந்தது. தங்களைச் சேதுகாவலர் என்று சொல்லிக்கொண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் தமிழில் பொறித்த சொல். படங்களில் எத்தனையோ தரம் பார்த்ததுதான், ஆனாலும் கையில் வைத்து வாசித்தபோது தொண்டை அடைத்துவிட்டது.

என் முறை வந்தது. அம்மம்மாவின் பெட்டகத்தில் கிடைத்த 1870ஆம் ஆண்டு ஒரு சதத்தை வைத்தேன், விக்டோரியா மகாராணியின் தலையும் பின்பக்கம் தாளிப்பனையும் உள்ள செப்புச் சதம். பளபளவென்று இருந்தது. ஐயா அதை விளிம்பில் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "புளியோ, தேசிக்காயோ?" என்று கேட்டார்.

"புளி, ஐயா."

குத்துவிளக்கு மினுக்குவதுபோல் மினுக்கியிருந்தேன். புளியின் அமிலம் களிம்போடு செம்பின் மேல்தோலையும் அரித்துவிடும், பிறகு தேய்த்த தேய்ப்பில் மரத்தின் ஓலைக் கோடுகளும் மழுங்கிப்போயின. நூற்றைம்பது வருடமாக அந்தச் செம்பில் படிந்த மண்ணிறத்தை நான் அரை மணித்தியாலத்தில் கழுவி ஊற்றியிருக்கிறேன். தயவுசெய்து நீங்கள் யாரும் இதைச் செய்யாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவிட்டுக் காயவையுங்கள், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

ஐயா என்னை ஏசவில்லை. சேதுக்காசு வந்த உறை போலவே ஒன்றை எடுத்து, அதில் என் சதத்தைப் போட்டு, மேலே பென்சிலால் '1870, கழுவியது' என்று எழுதித் தந்தார்.